கோடு போட்டு வைப்போம்

எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே தளம் சற்றுப் பள்ளம். வாட்டம் சரியாக விடாமல் பூசிய இடம். ஒவ்வொரு மழைக்கும் அங்கே ஒரு குட்டிக் குளம் தேங்கும். ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் என் பேத்தி அதில் காகிதக் கப்பல் விட்டாள். அப்போது அவளுக்கு நாலரை வயது. மறுநாள் மத்தியானம் கப்பலைத் தேடி ஓடினாள். குளத்தைக் காணோம். கப்பல் மட்டும் தரையோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

“அம்மாச்சி, தண்ணி எங்க போச்சு?”

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவள் நான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. இவள் அம்மா இதே வயதில் இதே கேள்வியைக் கேட்டபோது, “ஆவியாயிருச்சும்மா” என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை கேள்வியை அடைத்துவிட்டது, எதையும் காட்டவில்லை என்பது எனக்கு உறைக்க வெகு காலம் ஆயிற்று. இந்த முறை வாயை மூடிக்கொண்டேன்.

“நீ என்ன நெனைக்கிற, சொல்லு பாப்போம்.”

“காக்கா குடிச்சிருச்சு.” கொஞ்சம் யோசித்தாள். “இல்ல, தரை குடிச்சிருச்சு.”

அடுத்த மழைக்குக் காத்திருந்தோம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த காலையில், ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்து, தண்ணீர் எது வரைக்கும் இருக்கிறதோ அதைச் சுற்றிக் கோடு போடச் சொன்னேன். உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து, கோலத்துக்கு வெளிக்கோடு இழுப்பதுபோல் ஒரு சுற்று போட்டு முடித்தாள். தோசை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். கோடு அங்கேயே இருந்தது. தண்ணீர் உள்ளே தள்ளிப் போயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு ஈரத் தடம். “ஓடிப் போவுது!” என்று கத்தினாள். புதிய கரையைச் சுற்றி இன்னொரு கோடு. பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று. பிற்பகலில் தண்ணீர் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியபோது, அதைச் சுற்றி ஏழு கோடுகள், மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப் போல.

அந்த ஏழு கோடுகளையும் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். தொட்டிப் பக்கம் கோடுகள் நெருக்கமாக இருந்தன. எதிர்ப்பக்கம் விரிந்து கிடந்தன. ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொட்டிப் பக்கம் பள்ளம் சட்டென்று இறங்குகிறது, எதிர்ப்பக்கம் மெல்லச் சரிகிறது என்பதுதான் காரணம். நிலப்படத்தில் மலையின் சரிவைக் காட்ட வரையும் சமஉயரக் கோடுகள் சொல்லும் கதையும் இதுவே. அதை அவள் ஒரு நாள் பாடத்தில் பார்ப்பாள். இந்தத் தளம் அப்போது நினைவுக்கு வந்தாலும் வரும்.

நான் சொல்ல வருவது இந்தச் சாக்பீஸ் கோட்டைப் பற்றித்தான். மாற்றத்தை யாரும் நேரடியாகப் பார்ப்பதில்லை. இப்போது இருப்பதைப் பார்க்கிறோம், முன்பு இருந்ததை நினைத்துக்கொள்கிறோம், இரண்டையும் ஒட்டவைத்து ‘மாறிவிட்டது’ என்கிறோம். பெரியவர்களுக்கு இது இமைப்பொழுதில் நடந்துவிடுகிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளையிடம் அந்த ‘முன்பு’ நிற்பதில்லை. கண் முன்னால் இருப்பது அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே குழந்தையோடு மாற்றத்தை ஆராய விரும்புகிறவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை, விளக்கம் சொல்வது அல்ல. அந்த முன்பைப் பத்திரமாக எடுத்து வைப்பது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளின் சிந்தனையை ஆராய்வதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர். அவருடைய பெயர்பெற்ற சோதனை ஒன்று நம் சமையலறையிலேயே செய்யக்கூடியது. ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் சம அளவு தண்ணீர். இரண்டும் சமம் என்று குழந்தை ஒத்துக்கொண்ட பிறகு, ஒன்றில் இருப்பதை ஒல்லியான உயரக் குவளைக்கு அதன் கண்ணெதிரிலேயே ஊற்ற வேண்டும். எதில் அதிகம் என்று கேட்டால், ஐந்து வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகள் உயரக் குவளையைக் காட்டுவார்கள். ஊற்றும்போது அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் இந்த வயதுப் பிள்ளைகள் நிலைகளைப் பார்க்கிறார்களே தவிர, ஒரு நிலை இன்னொன்றாக மாறும் போக்கைப் பிடித்துக்கொள்வதில்லை என்றார் பியாஜே. தொடக்கமும் முடிவும் இரண்டு தனிப் படங்களாக நிற்கின்றன. நடுவில் கயிறு இல்லை.

அவர் சொன்னதெல்லாம் அப்படியே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்காரிகலும் மார்கரெட் டொனால்ட்சனும் 1970களின் நடுவில் ஒரு சிறு திருத்தம் செய்து பார்த்தார்கள். இரண்டு வரிசையாக வில்லைகள்; எண்ணிக்கை சமம். பியாஜேயின் முறையில் ஆய்வாளரே ஒரு வரிசையைக் கலைத்துவிட்டு, “இப்போது எதில் அதிகம்?” என்று மறுபடி கேட்பார். இவர்களோ ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மையை விட்டு வரிசையைக் கலைக்க வைத்தார்கள். பெரியவர் கலைத்தபோது தவறாகச் சொல்லும் வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர், கரடி கலைத்தபோது “சமம்தான்” என்றார்கள். பெரியவர் ஒன்றைச் செய்துவிட்டு அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், தான் முதலில் சொன்னது தப்பு போலும் என்று பிள்ளை எண்ணுகிறது. நம் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. “நல்லா யோசிச்சுச் சொல்லு” என்று நாம் அழுத்தும்போது, பிள்ளை யோசிப்பது தண்ணீரைப் பற்றி அல்ல, நம் முகத்தைப் பற்றி.

குளத்துக்கு வருவோம். ‘தரை குடிச்சிருச்சு’ என்பது பொய்யான கருத்து அல்ல. சிமெண்டுத் தளம் ஓரளவு குடிக்கவே செய்யும். இஸ்ரேலில் வர்தா பார் என்ற ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் காய்வதைப் பற்றிய பிள்ளைகளின் எண்ணம் வயதோடு எப்படி நகர்கிறது என்று காட்டியிருந்தார். மிகச் சிறியவர்களுக்குத் தண்ணீர் வெறுமனே இல்லாமல் போகிறது. பிறகு தரைக்குள் இறங்குகிறது. பிறகு மேகத்துக்குப் போகிறது. காற்றில் கலக்கிறது என்பது கடைசியில்தான் வருகிறது, பள்ளியில் பல வருடம் கழித்து. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நம்மைச் சுற்றி இருக்கிறது என்று ஏற்றுக்கொள்வது லேசான காரியம் இல்லையே. எனவே நான் மறுக்கவில்லை. “தரை குடிக்க முடியாத எடத்துல ஊத்திப் பாப்போமா?” என்று மட்டும் கேட்டேன்.

எவர்சில்வர் தட்டு எடுத்து வந்தாள். ஒரு குழிக்கரண்டித் தண்ணீர். கரண்டியை அவளேதான் பிடித்தாள். தட்டும் காய்ந்தது. “தட்டும் குடிக்குது” என்றாள் முதலில். பிறகு தட்டைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தாள், ஈரம் இல்லை. அடுத்து இரண்டு தட்டுகள்: ஒன்றை மூடாமல் வைத்தோம், இன்னொன்றின் மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தோம். மூடியதற்குள் தண்ணீர் அப்படியே இருந்தது. கிண்ணத்தின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. அந்த முத்துகளை அவள் விரலால் கோடாக இழுத்தபோது முகத்தில் ஒரு திகைப்பு. அவற்றை யாரும் அங்கே ஊற்றவில்லை. எந்த விளக்கமும் இந்த முத்துகள் சொன்ன அளவுக்குச் சொல்லியிருக்காது.

பிறகு உப்புத் தண்ணீர். கறுப்புத் தட்டில் காயவிட்டால் வெள்ளைப் படிவு மிஞ்சும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குட்டிக் குட்டிச் சதுரங்கள். தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளை உப்பளத்தின் பாத்தி ஓரமாக ஒரு பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. தட்டில் பார்த்த அதே காரியம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நடந்துகொண்டிருப்பதைப் பிள்ளை தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும்.

கரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை கரைந்ததும் அது ஒழிந்தே போனது என்று சிறு பிள்ளைகள் நினைப்பதாகப் பியாஜேயும் பெர்பெல் இன்ஹெல்டரும் 1941இல் எழுதினார்கள். 1993இல் அமெரிக்காவில் இரண்டு குழுவினர் தனித்தனியே இதை மறுபடி சோதித்தபோது, அதைவிடச் சிறிய பிள்ளைகள்கூட, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் என்பது தெரிந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நம் பிள்ளைகளுக்கு நாக்கு இருக்கிறது. கண்ணுக்கு அந்த ‘முன்பு’ போய்விட்டாலும் நாக்குக்கு அந்த ‘முன்பு’ போவதில்லை. “எங்க போச்சு சீனி?” என்று கேட்டால், எங்கள் வீட்டில் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் பதில் வரும்.

நிறம் மாறுவது பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஆனால் எளிதில் வீணாகக்கூடியதும் இதுதான். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி, இன்னும் பிழிய இளஞ்சிவப்பாகும். ஆப்ப சோடா போட்டால் பச்சை கலந்த நீலம். பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி, சுற்றியிருக்கும் நீரின் புளிப்புக்கும் காரத்துக்கும் ஏற்ப வடிவம் மாறி வேறு நிறம் காட்டுகிறது. பெரும்பாலும் இதை நாம் மந்திரம்போல் செய்து காட்டுகிறோம். “பார், பார், மாறப்போகுது!” ஒரே டம்ளர், ஒரு பிழி, ஒரு கைதட்டல், முடிந்தது. நீலம் எங்கே என்று திரும்பிப் பார்க்க நீலமே இல்லை. நான் கேட்டுக்கொள்வது இன்னொரு டம்ளர் மட்டும். எதுவும் சேர்க்காத நீலம் ஓரமாக நிற்கட்டும். அது நின்றால், எவ்வளவு மாறியது என்று ஒப்பிடலாம். சோடாவைச் சேர்த்துச் சேர்த்து இளஞ்சிவப்பை மறுபடி நீலத்துக்குக் கொண்டுவர முயலலாம். என் பேத்தி அந்த முயற்சியில் முக்கால் மணி நேரம் செலவழித்தாள். ஒரு சொட்டு கூடிப்போனால் பச்சை, மறுபடி எலுமிச்சை. திரும்பி வரக்கூடிய மாற்றம் என்று ஒன்று உண்டு என்பதை அவள் கை அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

மஞ்சள் இன்னும் கைக்கெட்டியது. துணியில் பட்ட சாம்பார்க் கறையில் சோப்புப் போட்டதும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான் கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டிலும் இருக்கிறது. மஞ்சளின் குர்குமின் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மஞ்சளுக்கே திரும்பும். ஆனால் பிள்ளைகளோடு செய்யும்போது, ஆரத்திக்குக் கலக்கும் சுண்ணாம்பை எடுக்கவே கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விழி வெந்து பார்வையே போகலாம். விளையாடும்போது சுண்ணாம்புப் பொட்டலம் பிதுங்கிக் கண்ணை இழந்த பிள்ளைகள் இந்த நாட்டில் உண்டு. குளிக்கும் சோப்பைக் கரைத்த தண்ணீரே போதும். அதேபோல, காற்றில் கரைந்து போகும் கற்பூரத்தைக் காட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். வெள்ளைக் கட்டி மிட்டாய்போல் இருக்கிறது, சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். காட்டுவதற்கு உலகத்தில் வேறு எத்தனையோ இருக்கின்றன.

உதாரணமாக, இட்லி மாவு. தமிழ்நாட்டுச் சமையலறையில் இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியாது. மாலையில் அரைத்துக் கரைத்த மாவில் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கு ஊற்றி, மாவு மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டினோம். அதுதான் எங்கள் சாக்பீஸ் கோடு. அதே மாவை இன்னொரு டம்ளரில் ஊற்றி, பேண்டு மாட்டி, ஃபிரிட்ஜுக்குள் வைத்தோம். உளுந்து சேர்க்காத அரிசி மாவு மூன்றாவது டம்ளரில். படுக்கும் முன் ஒரு முறை பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. “தூங்குது” என்றாள்.

காலையில் பல் தேய்க்காமல் ஓடினாள். முதல் டம்ளரில் மாவு பேண்டைத் தாண்டி விளிம்புக்கு வந்து நின்றது. ஃபிரிட்ஜிலிருந்தது அசையவே இல்லை. அரிசி மாவில் மேலே சில குமிழ்கள். மட்டம் அப்படி உயரவில்லை. பொங்கிய டம்ளரைக் கண்ணுக்கு நேரே பிடித்தால், கண்ணாடியோடு ஒட்டினாற்போல் நூற்றுக்கணக்கான சிறு ஓட்டைகள், தேனடை போல. காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். குமிழ் உடையும் மெல்லிய சொடசொடப்பு. “மாவு பேசுது அம்மாச்சி.”

பேசுவது லியூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவும் அதன் கூட்டாளிகளும். உளுந்தோடும் அரிசியோடும் தாமாகவே வந்து சேரும் இந்த நுண்ணுயிர்கள், மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் புளிப்பான லாக்டிக் அமிலத்தையும் வெளிவிடுகின்றன. வாயு மட்டும் போதாது, அதைச் சிறைபிடிக்க ஆள் வேண்டும். அது உளுந்தின் வழவழப்பு. அரைத்த உளுந்தின் பிசின்போன்ற பொருள் குமிழ்களைச் சுற்றிச் சவ்வு கட்டுகிறது. வெறும் அரிசி மாவில் குமிழ்கள் பிறந்து, மேலே வந்து, உடைந்து போய்விடுகின்றன. ஃபிரிட்ஜின் குளிரில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன. வெயில் காலத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்குவது மார்கழியில் இரவெல்லாம் ஆகியும் தயங்குவது ஏன் என்று உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் எதுவும் இப்போது தேவையில்லை. மூன்று டம்ளர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: “ஃபிரிட்ஜ் மாவ வெளிய வெச்சா எந்திரிக்குமா?” வைத்தோம். சாயங்காலம் எழுந்தது.

இதைச் செல்பேசியில் படமெடுத்து, எட்டு மணி நேரத்தை இருபது நொடியாகச் சுருக்கி ஓடவிட்டுக் காட்டலாமே என்று என் மருமகன் கேட்டார். அழகாக இருக்கும்தான். ஆனால் சிறு பிள்ளைகளுக்கு அதை முதலில் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த இருபது நொடியில் மாவு பொங்குவது தெரியும், இரவு தெரியாது. தூங்கி எழுந்த நேரமெல்லாம் தன்னைக் கேட்காமல் ஒன்று அங்கே வேலை செய்துகொண்டிருந்தது என்கிற உணர்வு, பல் தேய்க்காமல் ஓடுகிறவருக்குத்தான் கிடைக்கும்.

சில மாற்றங்களுக்கு இரவு போதாது, வாரங்கள் வேண்டும். எங்கள் கொல்லைக் கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனவள் நின்றுவிட்டேன். நகர்ந்தது. அந்தக் கிளையில் சிவப்பு நூல் கட்டினோம், நாளைக்குத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே. புழுவைப் பாட்டிலில் போட்டு அடைக்கவில்லை; அது அதன் செடியிலேயே இருக்கட்டும் என்று அவளுக்கும் சொல்லியிருந்தேன். நாள்தோறும் நோட்டில் படம் வரைந்தாள். சில முறை தோலுரித்த பிறகு எச்சம்போல் இருந்தது பச்சைப் புழுவாயிற்று. ஒரு நாள் குச்சியால் லேசாகத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குப்போல் பிளவுபட்ட ஒரு கொம்பு சட்டென்று நீண்டு, புழுங்கல் வாடை அடித்தது. பின்வாங்கி என் மடியில் விழுந்தாள். எதிரியை விரட்ட அதற்கு இருக்கும் ஆயுதம் அது. பிறகு ஒரு காலை புழு இல்லை. இடுப்பில் ஒரு பட்டு இழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு சாய்ந்திருந்தது. பத்து நாள் போல் ஆகியிருக்கும். கூடு இருண்டு, உள்ளே மடிந்த இறக்கையின் வெண்புள்ளிகள் வெளியே தெரிந்தன. மறுநாள் ஓடு மட்டும் காலியாகத் தொங்கியது. மேலே கறுப்பு இறக்கையில் வெண்புள்ளி வரிசையோடு ஒரு பட்டாம்பூச்சி ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

“புழு செத்துப்போச்சா?” என்று கேட்டாள். குரல் உண்மையாகவே இறங்கியிருந்தது.

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ரீட்டா டிவ்ரீஸ் என்ற உளவியலாளர் 1969இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் மேனார்டு என்றொரு சாதுவான பூனை வருகிறது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் அதைத் தடவிக்கொடுத்துப் பழகிய பிறகு, அதன் முகத்துக்கு நாய் முகமூடி மாட்டினார்கள். மாட்டும்போது பூனையின் பின்பாதி பிள்ளைகளின் பார்வையிலேயே இருந்தது. ஆனாலும் மூன்று வயதுக்காரர்கள் பலர் அது நாயாகிவிட்டது என்றார்கள், பயந்தார்கள். ஆறு வயதுக்காரர்களுக்கு அது முகமூடி போட்ட பூனைதான். புலிவேஷக்காரர் தனக்கு நன்றாகத் தெரிந்த சித்தப்பாதான் என்று சொல்லியும் அலறும் பிள்ளையை நாம் சிரித்து அடக்குகிறோம். அதன் கணக்கில் அங்கே சித்தப்பா இல்லை. அதனால்தான் வேஷம் போடும்போதே பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகப் பூசுவதைக் காட்ட வேண்டும் என்கிறேன். முன்பும் பின்பும் நடுவில் கயிற்றோடு கிடைத்துவிடுகிறது.

பட்டாம்பூச்சியில் சிக்கல் இன்னும் ஆழம். பூனையில் உருவம்தான் ஏமாற்றியது. இங்கே உருவம் உண்மையாகவே மாறியும் உயிர் ஒன்றாகவே இருக்கிறது. 1991இல் கார்ல் ரோசன்கிரனும் உடன் ஆய்வாளர்களும் காட்டியபடி, உயிர்கள் வளர்ந்தால் பெரிதாகும், சிறிதாகாது என்பது மூன்று வயதிலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. இப்படி அடியோடு உருமாறுவதை ஏற்பதுதான் சிரமம். அவள் கேள்விக்கு நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். சிவப்பு நூல் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் அதை மறக்காமல் வரைந்திருந்தாள். காலி ஓட்டையும் பூச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். “சட்டைய கழட்டிருச்சு” என்றாள் கடைசியில். முழுப் பதில் இல்லைதான். கூட்டுக்குள் புழுவின் உடல் பெரும்பகுதி கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. ஆனாலும் இறந்தது என்பதிலிருந்து கழற்றியது என்பதற்கு அவள் வந்த தூரத்தை நான் நடத்திக் கூட்டிவந்திருக்க முடியாது.

திரும்பாத மாற்றத்தைக் காட்டக் களிமண்ணைவிட நல்லது இல்லை. கார்த்திகைக்குக் குயவர் வீட்டில் சுடாத பச்சை அகல் ஒன்றும் சுட்ட அகல் ஒன்றும் கேட்டு வாங்கி வாருங்கள். இரண்டையும் வாளித் தண்ணீரில் போடுங்கள். பச்சை அகல் குமிழ் விட்டு, விளிம்பு உதிர்ந்து, அரை மணி நேரத்துக்குள் சேறாகிப் படியும். அந்தச் சேற்றைப் பிசைந்தால் மறுபடி அகல் செய்யலாம். சுட்டது அப்படியே கிடக்கும். சூளையின் வெப்பம் 500, 600 டிகிரியைத் தாண்டும்போது களிமண் துகளுக்குள் கட்டுண்ட நீரும் வெளியேறி, துகள்கள் வேறு பொருளாக இறுகிவிடுகின்றன. அதற்குப் பின் எத்தனை காலம் ஊறினாலும் மண்ணுக்குத் திரும்ப வழியில்லை. கீழடியில் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக ஈர மண்ணில் கிடந்த பானை ஓடுகள், கீறிய எழுத்தோடு நமக்குக் கிடைத்தது இதனால்தான். எங்கள் வாளியில் சுட்ட அகல் ஒரு வாரம் கிடந்தது. தினமும் காலையில் கைவிட்டுத் தடவி, “இன்னும் இருக்கு” என்று அறிவித்துவிட்டுத்தான் காலைப் பால்.

இனி எல்லாவற்றிலும் மெதுவான மாற்றம். எங்கள் வீட்டில் பொங்கலன்று பிள்ளைகளை வாசல் நிலையோடு ஒட்டி நிற்கவைத்து, தலை மட்டத்தில் பென்சிலால் கோடு போடும் வழக்கம் உண்டு. நாலைந்து வயதில் ஒரு பிள்ளை வருடத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் வளர்கிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. எந்தக் கண்ணும் இதைப் பார்த்ததில்லை, வளர்கிறவளுக்கோ கொஞ்சமும் தெரியாது. இந்தத் தைப்பொங்கலுக்கு நிலையோடு நின்று திரும்பிப் பார்த்தவள், போன வருடக் கோடு தன் நெற்றிக்கு நேராக இருப்பதைக் கண்டு வியந்துபோனாள்.

“அம்மாச்சி, கோடு கீழ எறங்கிருச்சு!”

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இரண்டில் ஒன்று நகர்ந்திருக்கிறது, கோடா அவளா என்பதை அவள் நின்ற இடத்திலிருந்து எப்படிச் சொல்வது? கேட்டேன். முதலில் தரையிலிருந்து கோடு வரை தன் கையால் சாண் போட்டாள். ஆனால் போன வருடம் எத்தனை சாண் என்று யாரும் அளந்து வைக்கவில்லை. அந்தக் கையும் அப்போது இதே கை இல்லை. கொஞ்ச நேரம் நிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் பூக்கட்டும் நூல்கண்டை எடுத்து வந்தாள். ஒரு முனையை என்னைத் தரையில் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைப் பழைய கோட்டுக்கு நேராக இழுத்து, அவள் அம்மாவை விட்டு வெட்டச் சொன்னாள்.

அந்த நூல் இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பொங்கல் வரைக்கும் யாரும் தொடக்கூடாதாம்.